ஒரே கையெழுத்தில் மூன்று சாட்சி

பாலோ, ஜொகூர்
15 மார்ச் 1937

மருமகன் கனகராஜுக்கு மாமன் செல்லப்பன் ஆசி கூறி எழுதுவது. தண்டாயுதபாணி தயவில் இங்கே நான் நல்ல சுகம், கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் ஆடுகிறது. நீயும் என் தங்கச்சி அங்கம்மாவும் சுகமா, கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று விவரமாக எழுது.

நடந்தது எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். சென்னை சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் ஜெயிக்கும் என்று பொங்கலுக்கு முன்பே சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை. மொத்தம் இருநூற்றுப் பதினைந்து இடம், அதில் நூற்று ஐம்பத்தொன்பது என்று கணக்காகச் சொன்னேன். சிங்கப்பூர்ப் பத்திரிகை ரயிலில் வந்து இறங்கி, எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஐயா அதை உரக்க வாசித்தபோது லயத்து வரிசை வீடுகளில் உள்ள ஜனம் மொத்தமும் பத்திரிகையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தது. கிராணி ஐயாவே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

எப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். இந்த ஜொகூரில் சுல்தான் உண்டு, துரை உண்டு, ஓட்டு மட்டும் கிடையாது. அதனால் நானே ஒரு தேர்தல் நடத்தினேன். இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம். ஒன்றுக்குக் காங்கிரஸ் பெட்டி போல மஞ்சள் அரைத்துப் பூசினேன், மற்றதற்கு வாழை இலை சுற்றினேன். மாரியம்மன் கோயில் கொட்டகையில் சாக்குத் திரை கட்டி, ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டையைக் கையில் கொடுத்து உள்ளே விட்டேன். எண்ணினால் மஞ்சள் தகரத்தில் நூற்று ஐம்பத்தொன்பது கொட்டை. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

இதைவிடப் பெரிய சங்கதி, கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடி நம் தொகுதியை நான் திருப்பியது. தை மாதம் அங்கம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டேனே, ஞாபகம் இருக்கும். ‘தங்கச்சி, உன் பேரில் பட்டா இருக்கிறது, அதனால் ஓட்டும் இருக்கிறது, ஊர் நிலமெல்லாம் வைத்துக்கொண்டு தேர்தலில் நிற்கிற மிட்டாதார் முகத்தைப் பார்க்காதே, மஞ்சள் பெட்டியில் போடு’ என்று எழுதினேன். அவளும் பெட்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்து, சூடம் காட்டிப் போட்டாளாம். அவளைப் பார்த்து இருபது பெண்கள் அதே பெட்டியில் போட்டார்களாம். மிட்டாதார் கவிழ்ந்துவிட்டார். பத்திரிகையில் அவர் பெயரைத் தோற்றவர் வரிசையில் நானே கண்ணால் பார்த்தேன். இதை லயம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

பதில் எழுதத் தாமதிக்காதே.
மாமன் செல்லப்பன்


மேட்டுப்புதூர், சேலம் ஜில்லா
6 ஏப்ரல் 1937

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு வணக்கம். தங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அம்மாவும் நானும் நலம். பல்லுக்குக் கிராம்புத் தைலம் வைத்துப் பார்க்கவும். தங்கள் கையெழுத்தைக் கண்டதும் அம்மா கடிதத்தைப் பிரிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்கள்.

காங்கிரசுக்கு நூற்று ஐம்பத்தொன்பது என்பது சரி. ஜஸ்டிஸ் கட்சிக்குப் பதினெட்டு என்று ஒரு பத்திரிகையும் இருபத்தொன்று என்று ஒரு பத்திரிகையும் போடுகின்றன. நம் மிட்டாதார் எந்தக் கட்சியிலும் சேராமல் தனியாக நின்றார். அவருக்குப் பச்சைப் பெட்டி. நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார்.

தேங்காய், சூடம் எதற்கும் அங்கே இடமில்லை, மாமா. பெட்டிகள் திரைக்குப் பின்னால் இருந்தன. ஒருவர் உள்ளே போவதையும் வெளியே வருவதையும்தான் மற்றவர் பார்க்கலாம். அம்மாவும் அப்படித்தான் போனார்கள், வந்தார்கள்.

தாங்கள் மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லும் பள்ளிக்கூடம் மிட்டாதாருடையது. மானேஜரும் அவரே. அம்மாவின் ஓட்டைப் பற்றித் தாங்கள் லயத்தில் யார் யாரிடம் சொன்னீர்கள் என்று தெரிந்தால் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
கனகராஜ்


பாலோ
28 ஏப்ரல் 1937

அன்பு மருமகனுக்கு ஈஸ்வர வருஷப் பிறப்பு ஆசீர்வாதம். பல் விழுந்துவிட்டது, வலி போய்விட்டது. அங்கம்மா கடிதத்தைக் கையில் வைத்திருந்தாள் என்று எழுதினாய், அதை இரண்டு தரம் படித்தேன்.

யார் யாரிடம் சொன்னேன் என்று கேட்கிறாய். சொல்லாதவர்களைக் கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். நம் ஊர்க்காரர்கள் இங்கே மூன்று பேர். வீரமுத்து, காளியப்பன், அப்புறம் வேலாயுதம். மூவருக்கும் எழுத்து வாசனை கிடையாது. லயத்தில் எழுதத் தெரிந்த கை என் கை ஒன்றுதான். ஊருக்குப் போகிற கடிதம் எல்லாவற்றையும் நான்தான் எழுதி, ஒரே உறையில் போட்டு, வீரமுத்துவின் அண்ணன் கடைக்கு அனுப்புகிறேன். வீரமுத்து என்ன சொல்வான்? ‘நான் சுகம், மாடு கன்னு போட்டுச்சான்னு கேளுங்க’ என்பான். அவ்வளவை மட்டும் எழுதினால் காகிதம் பாதி காலியாக இருக்கும். அதனால் நம் அங்கம்மா மஞ்சள் பெட்டியில் போட்ட கதையையும், இருபது பெண்களையும், என் தை மாதக் கடிதத்தையும் மூன்று கடிதத்திலும் விஸ்தாரமாக எழுதி அனுப்பினேன். ஊரே உங்களைக் கையெடுத்துக் கும்பிடும்.

கிராணி ஐயா மட்டும் கோணல் பேச்சு. “செல்லப்பா, காலைல ஆள் எண்ணுற பெரட்டுல நிக்கிறதே நூத்திப்பத்து பேரு. நூத்தம்பத்தொம்போது கொட்டை எப்படி வந்துச்சு லா?” என்றார். சில பேர் ஆர்வத்தில் இரண்டு தடவை போட்டார்கள் என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

இவ்வளவு பேர் ஜெயித்தும் காங்கிரஸ்காரர்கள் மந்திரி நாற்காலியில் உட்கார மாட்டோம் என்கிறார்களாமே. கவர்னர் குறுக்கே வரமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டுமாம். இது மாப்பிள்ளை முறுக்கு, வேறொன்றும் இல்லை. பந்தலில் இலை போட்ட பிறகு எந்த மாப்பிள்ளை சாப்பிடாமல் எழுந்து போயிருக்கிறான்? ஆவணிக்குள் உட்காருவார்கள், எழுதி வைத்துக்கொள்.

நோய் நொடி இல்லாமல் இருங்கள்.
மாமன் செல்லப்பன்


மேட்டுப்புதூர்
19 மே 1937

மாமா அவர்களுக்கு வணக்கம். இங்கே சுகம். வெயில் அதிகம். கிணறு வற்றவில்லை.

வீரமுத்துவின் அண்ணன் கடையில் அந்த உறையைப் பிரித்து மூன்று கடிதங்களையும் வாசித்தார்கள். தோட்டத்திலிருந்து வரும் கடிதம் என்றால் கடைவாசலில் எப்போதும் முப்பது பேர் கூடிவிடுவார்கள். அன்று மிட்டாதாரின் காரியஸ்தர் அய்யாவுவும் வெற்றிலை வாங்க வந்திருந்தார். மூன்று பேர் தனித்தனியாக ஒரே விஷயத்தை எழுதியிருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். மூன்றையும் கேட்டு வாங்கிப் போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது நான் வரவேண்டாம் என்று மானேஜர் சொல்லச் சொன்னாராம். நாலு வருஷ சர்வீஸ் சர்டிபிகேட்டைக் கேட்டேன். அதுவும் இப்போது இல்லை என்றார். அது இல்லாமல் வேறு பள்ளிக்கூடத்தில் என்னை எடுக்க மாட்டார்கள்.

அம்மாவிடம் நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டு நாளாகக் கடைப்பக்கம் போவதில்லை.

தங்கள் சுகத்துக்கு எழுதவும்.
கனகராஜ்


பாலோ
10 ஜூன் 1937

கனகராஜுக்கு மாமன் எழுதுவது. நான் சுகம். நீ மனதைத் தளரவிடாதே.

அந்தக் காரியஸ்தன் யார்? தோற்றவருக்குக் குடை பிடிக்கிறவன். நூற்று ஐம்பத்தொன்பது பேர் நம் பக்கம் இருக்கும்போது ஒற்றை ஆள் தனியாக நின்று கவிழ்ந்தவருக்கு நீ ஏன் பயப்பட வேண்டும்? சென்னைக்கு ஒரு விண்ணப்பம் எழுது. கீழ்சபையில் நம்மவர் முக்கால் பங்கு, மேல்சபையிலும் பாதிக்கு மேல். இரண்டு சபையும் சேர்ந்து ஒரு தீர்மானம் போட்டால் மிட்டாதாரின் பள்ளிக்கூடம் தானாக உன் பேருக்கு வந்துவிடும். இங்கே தங்காக் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதரிடம் பேசினேன். அவர் சென்னையில் எட்டு மெம்பர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவர். ஒரு வார்த்தை போதும் என்றார்.

வீரமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டான். “நான் மாட்டைப் பத்தித்தானே அண்ணே எழுதச் சொன்னேன்” என்றான்.

அங்கம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்.
மாமன் செல்லப்பன்


மேட்டுப்புதூர்
2 ஜூலை 1937

மாமா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சுகம். தங்கள் சுகம் அறிய ஆவல்.

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது. என் வகுப்பை மிட்டாதாரின் மச்சினன் மகன் எடுக்கிறான். நூற்று ஐம்பத்தொன்பது பேர் ஜெயித்தது உண்மை. ஆனால் ஜெயித்தவர்கள் இன்றைக்கு வரை நாற்காலியில் உட்காரவில்லை, சென்னையில் இப்போது இருப்பது மெஜாரிட்டி இல்லாத இடைக்கால மந்திரிசபை. இங்கே தோற்றவரிடம் பள்ளிக்கூடத்துச் சாவி இருக்கிறது. விண்ணப்பம் எழுதினால் அதைப் படிக்க ஆள் வருவதற்குள் என் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள்.

அய்யாவு ஒரு வழி சொல்லியிருக்கிறார். வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

“உன் அண்ணன் தை மாசம் காகிதம் போட்டது நிசந்தானா ஆத்தா?”

“எங்கண்ணன் மாசாமாசம் போடுது. வராம என்ன?”

“அதுல ஓட்டைப் பத்தி எழுதியிருந்துச்சா?”

“குடும்ப விசயம் எழுதியிருந்துச்சு.”

“அப்ப அந்தக் காகிதத்தைக் காட்டு. அதுல மஞ்சப் பெட்டிப் பேச்சு இல்லைன்னா பையன் மறுநாளே வேலைக்கு வரட்டும். ஐயாகிட்ட நான் சொல்றேன்.”

ஆடி கழியும் வரை தவணை கொடுத்திருக்கிறார். அம்மா மரப்பெட்டியைத் திறக்கவும் இல்லை, தேடவும் இல்லை. எங்கோ பத்திரமாக இருக்கிறது என்கிறார்கள்.

மாமா, வேலையில் இருந்தபோது தபால் வரும் நேரத்தில் நான் பள்ளியில் இருப்பேன். ‘அண்ணன் காகிதம் வந்தது’ என்று அம்மா கடைத்தெருவில் சொல்வதை மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறேன். எடுத்துக் காட்டுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது தங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். தை மாதம் தாங்கள் கடிதம் எழுதினீர்களா? ஆம் என்றாலும் இல்லை என்றாலும் எழுதவும்.

கனகராஜ்


பாலோ
22 ஜூலை 1937

மருமகனுக்கு ஆசி. இங்கே மழை. ரப்பர் மரம் ஈரமாக இருப்பதால் இரண்டு நாளாகப் பால் வெட்டு இல்லை. கோயில் திருவிழாவுக்குக் கொட்டகை போடுகிறார்கள். காங்கிரஸ் மந்திரிசபை உட்கார்ந்துவிட்டது என்று பத்திரிகையில் வந்தது. ஆவணிக்குள் என்று சொன்னேன், ஆனியிலேயே நடந்துவிட்டது.

நீ கேட்டதற்கு அடுத்த தபாலில் எழுதுகிறேன்.
மாமன் செல்லப்பன்


மேட்டுப்புதூர்
26 ஜூலை 1937

அண்ணனுக்கு அங்கம்மா எழுதிக்கொண்டது. நான் சுகம். அண்ணன் சுகமா. கனகராஜ் வெளியே போயிருக்கிறான். அவன் சிலேட்டில் எழுதக் கற்றபோது கூட உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

கனகராஜ் அப்பா செத்துப் போனதற்கு உனக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டோம். கருமாதிக்கு உன் காகிதம் வரும் என்று பார்த்தேன். பிறகு தலைத்தீவாளிக்கு நீ கொடுத்த சேலையை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். ஊரில் கேட்பவர்களுக்கு அண்ணன் மாசாமாசம் எழுதுகிறது என்று சொன்னேன். பிறந்த வீட்டில் எனக்கு நீ ஒருத்தன். நீயும் இல்லை என்று தெரிந்தால் நிலத்து வரப்பை ஆளுக்கு ஒரு முழம் நகர்த்துவார்கள்.

காகிதம் போடவில்லை என்று நீ காரியஸ்தருக்கு எழுதாதே. எழுதினால் நான் மூன்று வருஷம் சொன்னது பொய்யாகிவிடும். பையன் வேலையும் போகக்கூடாது. இரண்டையும் சேர்த்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ பெரிய பேச்சுக்காரன். நீயே யோசி.

அங்கம்மா


பாலோ
18 ஆகஸ்ட் 1937

கனகராஜுக்கு மாமன் எழுதுவது. நான் சுகம்.

கடிதம் எழுதினேனா என்று கேட்டாய். எழுதினேன். உன் அம்மாவை நன்றாகத் தேடச் சொல். அவசரப்படுத்தாதே. மரப்பெட்டிக்கு அடியில், சேலை மடிப்பில், எங்காவது இருக்கும். தபால் முத்திரை இருக்காது. அந்தக் கடிதம் தை மாதம் வேறொருவர் உறைக்குள் மடித்து வந்தது, கைமாறிக் கைமாறித்தான் அவளிடம் சேர்ந்திருக்கும். காரியஸ்தன் முத்திரையைக் கேட்டால் அப்படிச் சொல். தோட்டத்துக் காகிதம் அப்படித்தான் வரும் என்று ஊருக்கே தெரியும்.

காளியப்பன் இந்த வாரக் கப்பலில் ஊருக்கு வருகிறான். அங்கம்மாவுக்கு ஒரு டின் பிஸ்கோத்தும் இரண்டு சவுக்காரமும் கொடுத்தனுப்புகிறேன். டின்னை அவளே பிரிக்கட்டும்.

அய்யாவுவுக்கு என் பெயரில் ஒரு சேதி சொல். அந்த மூன்று கடிதமும் என் கைப்பட எழுதியது. வீரமுத்துவும் மற்ற இருவரும் அதில் இருப்பது என்னவென்று தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘ஓ’ போடுகிற சுழியைப் பார்த்தால் போதும். கதை கட்டியது நான். சாட்சி மூன்று இல்லை, ஒரு வாய்தான்.

இதைப் பத்துப் பேர் நடுவில் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.
மாமன் செல்லப்பன்


மேட்டுப்புதூர்
14 செப்டம்பர் 1937

மாமா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் நலம். காளியப்பன் வந்து சேர்ந்தார், கொடுத்தனுப்பிய பொருள்கள் கிடைத்தன.

ஆடி கழிந்தும் கடிதம் அகப்படவில்லை. அய்யாவு இரண்டு தடவை ஆள் அனுப்பினார். காளியப்பன் வந்து போன மறுநாள் காலை அம்மா அது சேலைக்குள் இருந்தது என்று எடுத்துக் கொடுத்தார்கள். ஜனவரி 20 என்று தேதி போட்டிருந்தது. கடைவாசலில் வைத்துத்தான் படிக்கவேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொன்னார்கள். அய்யாவு உரக்கப் படித்தார். நான் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். அது இது:

‘தங்கச்சி அங்கம்மாவுக்கு அண்ணன் எழுதுவது. ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுகிற நான் இத்தனை நாளும் ஒன்றை மட்டும் எழுதவில்லை. மச்சான் போன சேதி எனக்கு வந்தபோது பால் நிறுக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு முழுக்க எடையைத் தப்பாகச் சொன்னேன். ராத்திரி காகிதம் எடுத்து உன் பேரை எழுதினேன். அதற்குக் கீழே எனக்கு ஒன்றும் வரவில்லை. எதையும் பெரிதாக்கி எழுதிப் பழகிய கைக்கு, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என்னை இங்கே எல்லோரும் ஸ்டோர் மேற்பார்வை என்று நினைப்பதாக உனக்கு எழுதியிருப்பேன். நான் பால் வாளி கழுவி நிறுக்கிற ஆள்தான். வரப்பைப் பார்த்துக்கொள். யாராவது நகர்த்தினால் அண்ணன் இருக்கிறான் என்று சொல். வரவேண்டியிருந்தால் வருவேன்.’

அவ்வளவுதான் இருந்தது. ஓட்டு என்ற வார்த்தையே இல்லை. அய்யாவு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தாங்கள் சொல்லச் சொன்ன சேதியைச் சொன்னேன். மற்ற மூன்று கடிதங்களையும் மடியிலிருந்து எடுத்து சுழிகளை ஒத்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“பால் வாளி களுவுற ஆளு பேச்சை நம்பியா நாங்க நாலு மாசமா பஞ்சாயத்துப் பண்ணுனோம்” என்றார். கூட்டமும் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. கடிதத்தைக் கேட்டு வாங்கி மடித்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை முதல் நான் வகுப்புக்குப் போகிறேன். இடைப்பட்ட காலத்தை லீவு என்று எழுதிக்கொண்டார்கள்.

எந்தப் பெட்டியில் போட்டீர்கள் என்று அம்மாவிடம் நேற்றுத்தான் முதல்முறையாகக் கேட்டேன். “அதைக் கேக்கத்தான் திரை கட்டி வச்சாங்களா?” என்றார்கள்.

இன்னொன்று. பிஸ்கோத்து டின்னின் அடியில் ஒரு காகிதம் மட்டும் வைக்கும் அளவுக்கு இரண்டாவது அட்டை ஒன்று இருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

கனகராஜ்


பாலோ
6 அக்டோபர் 1937

அன்பு மருமகனுக்கு மாமன் ஆசி. நான் சுகம். அங்கம்மா சுகம் என்று படித்து நிம்மதி. நீ சாக்குக் கட்டியைக் கையில் எடுத்துவிட்டாய் என்று கிராணி ஐயாவிடம் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்.

பால் வாளி சமாசாரம் காளியப்பன் உறவு வழியாக இங்கே திரும்பி வந்துவிட்டது. இப்போது பெரட்டில் என்னை “ஸ்டோர் மேற்பார்வை வர்றாரு, வழிவிடுங்க” என்கிறார்கள். இருக்கட்டும். வீரமுத்து மட்டும் இப்போது நான் எழுதி முடித்ததும் கிராணி ஐயாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கைநாட்டு வைக்கிறான். அவன் மாடு கன்று போட்டதா என்று எழுது.

தேர்தலைப் பற்றி நான் சொன்னது எதிலும் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். நூற்று ஐம்பத்தொன்பது என்று சொன்னேன், சொன்னதுதான். மந்திரிசபை உட்காரும் என்றேன், உட்கார்ந்தது. கொட்டையை எண்ணியவன் நான், கிராணி ஐயா இல்லை.

நீ டின்னைப் பற்றிக் கேட்கவில்லை என்று எழுதினாய். கேட்காதவனுக்குத்தான் சொல்லவேண்டும். உன் அம்மா சேலைக்குள்ளிருந்து எடுத்த அந்தக் கடிதத்தில் இருக்கிற ஒவ்வொரு வரியும் நடந்தது நடந்தபடி. பால் நிறுக்கிற இடம் உண்மை, தப்பாகச் சொன்ன எடை உண்மை, அவள் பேரோடு நின்றுபோன காகிதம் உண்மை. அதை எழுத எனக்கு ஆறு ராத்திரி ஆயிற்று. இட்டுக்கட்டியது ஒன்றே ஒன்றுதான்: தேதி.

மாமன் செல்லப்பன்